ஜெர்மனியில் எம்.எஸ்.: பல்கலைக்கழகப் பெயரை வைத்துப் பட்டியல் போடாதீர்கள்

ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போக நினைக்கும் பி.இ. மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். உலகத் தரவரிசைப் பட்டியலைத் திறந்து, மேலிருந்து பத்து ஜெர்மன் பெயர்களை எடுத்து எக்செல்லில் போடுவார்கள்: மியூனிக், ஆஹன், கார்ல்ஸ்ரூ, பெர்லின். அங்கே தனக்கு ஏற்ற கோர்ஸ் இருக்கிறதா என்று தேடுவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையே தலைகீழ்.

க்யூஎஸ் என்கிற உலகத் தரவரிசையில் 30 சதவீத மதிப்பெண், பேராசிரியர்களிடம் எடுக்கும் கருத்துக் கணிப்புக்குப் போகிறது. அது மொத்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கான மதிப்பெண். நீங்கள் சேரப்போகும் கோர்ஸைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நம் ஊரில் ஐஐடிக்கும் சாதாரணத் தனியார் கல்லூரிக்கும் இருக்கும் தூரம் ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே இல்லை. இடம் கிடைக்குமா, முடிக்க எத்தனை செமஸ்டர் ஆகும், முடித்தபின் எந்த வேலைக்குத் தகுதி என்பதையெல்லாம் தீர்மானிப்பது இரண்டு ஆவணங்கள். ஒன்று, ‘மொடூல்ஹாண்ட்பூக்’ என்கிற பாடத்திட்டக் கையேடு. இன்னொன்று, தேர்வு விதிமுறை. இரண்டும் அந்தந்தத் துறையின் இணையதளத்தில் பிடிஎஃப்பாகக் கிடைக்கும். கையேடு நூறு பக்கத்தைத் தாண்டும் என்பதால் யாரும் திறப்பதில்லை.

திறந்தால் முதலில் தெரிவது, ஒரே பெயரில் வேறு வேறு கோர்ஸ்கள் இருப்பதுதான். ‘கம்ப்யூட்டேஷனல் இன்ஜினியரிங்’ போஹும் நகரின் ரூர் பல்கலைக்கழகத்தில் சிவில் துறையின் கீழ் வருகிறது. கட்டமைப்பு, பொருள்களின் இயக்கவியல், ஃபைனைட் எலிமென்ட் என்று போகும். எர்லாங்கன்-நூர்ன்பெர்க்கில் அதே பெயர் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையோடு சேர்ந்தது. அங்கே நிரலாக்கமும் எண்முறைக் கணிதமும்தான் முதுகெலும்பு. சிவில் படித்தவர் பெயரை மட்டும் பார்த்து எர்லாங்கனுக்கு விண்ணப்பித்தால் தகுதிச் சரிபார்ப்பிலேயே சிக்கல் வரும். எந்தத் துறை நடத்துகிறது என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே இருக்கும் மொழிக் குறிப்பு. ‘ஆங்கில வழி’ என்று விளம்பரமாகும் கோர்ஸில் கட்டாயப் பாடங்கள் ஆங்கிலத்திலும், விருப்பப் பாடங்களில் பாதி ஜெர்மன் மொழியிலும் இருப்பது உண்டு. நீங்கள் ஆசைப்பட்ட பாடம் அந்தப் பாதியில் இருந்தால் கோர்ஸே மாறிவிட்ட மாதிரிதான். பாடம் குளிர்காலத்தில் நடக்கிறதா, கோடைக்காலத்திலா என்பதும் அங்கேயே இருக்கும். பாடச்சுற்று அக்டோபரில் தொடங்கும் கோர்ஸில் ஏப்ரலில் போய்ச் சேர்ந்தால் அடிப்படைப் பாடத்துக்கு முன்பே அடுத்த நிலைப் பாடத்தில் உட்கார வேண்டிவரும். ‘சம்மர் இன்டேக்கும் இருக்கிறது’ என்பதை நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிரெடிட் கணக்கு

நிராகரிப்புக் கடிதங்களில் நிறைய இங்கேதான் உருவாகின்றன. ஜெர்மன் மாஸ்டர்ஸ் பெரும்பாலும் இளநிலைப் படிப்பின் நேரடித் தொடர்ச்சி. கணிதத்தில் இத்தனை ஈசிடிஎஸ் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான கிரெடிட் அளவு), இயக்கவியலில் இத்தனை, கட்டுப்பாட்டியலில் இத்தனை என்று சேர்க்கை விதியில் எழுதியிருப்பார்கள். 8.9 சிஜிபிஏ இருந்தாலும் இந்தக் குறைந்தபட்சத்தைத் தொடாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறலாம் என்ற கனவு பெரும்பாலும் இங்கே உடைகிறது. ஆன்லைன் சான்றிதழ் கோர்ஸ்கள் இந்தக் கணக்கில் பொதுவாகச் சேராது.

மாற்றும் முறை இது. ஈசிடிஎஸ்ஸில் ஒரு செமஸ்டருக்கு 30. எட்டு செமஸ்டருக்கு 240. உங்கள் பி.இ. மொத்தம் 165 கிரெடிட் என்றால் 240-ஐ 165-ஆல் வகுக்க வேண்டும், ஏறத்தாழ 1.45 வரும். நான்கு கிரெடிட் கணிதத் தாள் ஒன்று சுமார் 5.8 ஈசிடிஎஸ். அப்படி நான்கு தாள் படித்திருந்தால் 23 சொச்சம். சேர்க்கை விதி 25 கேட்டால் கணிதத்தில் குறைகிறது. சில இடங்களில் வகுப்பு நேரத்தை வைத்து வேறு மாதிரி கணக்கிடுவார்கள். அதனால் எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் கடைசித் தேதிக்கு முன்பே துறை ஆலோசகருக்கு மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது. சில துறைகள் குறைந்த பாடங்களை முதல் ஆண்டில் படித்து முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இடம் தரும். அதனால் ஒரு செமஸ்டர் கூடுவதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாட ஒப்பீட்டுப் படிவத்தை நிரப்பும்போது ‘சுற்றுச்சூழல் அறிவியல்’, ‘தொழில் நெறிமுறை’ போன்ற தாள்களைப் பொறியியல் அடிப்படைக்குள் திணிப்பது இன்னொரு தவறு. படிவத்தைப் படிப்பவர் அந்தத் துறைப் பேராசிரியர். சிலபஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு வரி பொய்யென்று தெரிந்தால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

மதிப்பெண்ணிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 கடைசித் தேர்ச்சி. வெளிநாட்டு மதிப்பெண்ணை இந்த அளவுக்கு மாற்றும் ‘திருத்தப்பட்ட பவேரிய சூத்திரத்தில்’ உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதை உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 8.0 சிஜிபிஏ, தேர்ச்சி 5 என்றால் 2.2 வரும். தேர்ச்சி 6 என்றால் அதே 8.0 வெறும் 2.5. தேர்ச்சி 4 என்றால் 2.0. நண்பனின் 8.0-க்கு இடம் கிடைத்ததை வைத்து உங்கள் 8.0-ஐ அளக்க முடியாது. மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தேர்ச்சி வரம்பைப் பாருங்கள். 2.5-க்கு மேல் போனால் பல கதவுகள் மூடிவிடும்.

‘ஜெர்மனியில் கட்டணமே இல்லை’

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இது உண்மைதான். செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும் கட்டினால் போதும். ஆனால் கார்ல்ஸ்ரூவும் ஸ்டுட்கார்ட்டும் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. நான்கு செமஸ்டருக்கு 24,000 வரை போகும். விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்டில் (மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிவைக்கும் வங்கிக் கணக்கு) போடும் 11,904 யூரோ, மாதம் 992 என்ற கணக்கு; மியூனிக் வாடகைக்கு அதை எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் போதாது. கெம்னிட்ஸ் மாதிரி கிழக்கு நகரத்தில் ஓட்டிவிடலாம்.

தனியார் பல்கலைக்கழகங்கள் வேறு கதை. ஆலோசனை இலவசம் என்று சொல்லும் கன்சல்டன்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் பொதுவாகக் கமிஷன் தராது, தனியார் தரும். அவர்கள் தரும் பட்டியலில் எல்லாப் பெயரும் தனியாராக இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. ‘ஹோஹ்ஷூல்கொம்பாஸ்’ தளத்தில் தேடினால் நிறுவனம் அரசினுடையதா, அரசு அங்கீகாரம் பெற்ற தனியாரா என்று இரண்டு நிமிடத்தில் தெரியும்.

தொழில் சார்ந்த பாடங்களுக்கு முக்கியத்துவம் தரும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களை இரண்டாம் தரம் என்று ஒதுக்குவதும் தவறுதான். அங்கே பேராசிரியராகக் குறைந்தது ஐந்து ஆண்டுத் தொழில் அனுபவம் வேண்டும். அதில் மூன்று ஆண்டு கல்விக்கூடத்துக்கு வெளியே. வகுப்பு சிறியது, உள்ளூர் நிறுவனங்களோடு நெருக்கம் அதிகம். பிஎச்.டி. பண்ணும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்: அந்தப் பட்டத்தோடும் பண்ணலாம், ஆனால் ஹெஸ்ஸன் போன்ற சில மாநிலங்கள் தவிர, இவற்றுக்குச் சொந்தமாக முனைவர் பட்டம் தரும் உரிமை பரவலாகக் கிடையாது.

தேர்வு விதிமுறையில் தேட வேண்டியது, ஒரு தாளை எத்தனை முறை எழுதலாம் என்பது. பல இடங்களில் மூன்று முறைதான். நம் ஊர் அரியர் மாதிரி எழுதிக்கொண்டே இருக்க முடியாது. கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போனால் பெயர் நீக்கப்படும். அதே கோர்ஸில் வேறு ஜெர்மன் பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது. இன்டர்னல் மதிப்பெண்ணை நம்பிப் பழகியவர்கள் கவனிக்க வேண்டும்: பல பாடங்களில் செமஸ்டர் இறுதித் தேர்வு ஒன்றுதான் முழு மதிப்பெண். பலமான கணிதம் கட்டாயமாக மூன்று இருக்கும் கோர்ஸைவிட, ஒன்று கட்டாயம், மீதி விருப்பம் என்று இருக்கும் கோர்ஸ் சிலருக்குப் பாதுகாப்பு.

வேலைக்கு வந்தால், ஆங்கில வழிப் பட்டம் கையில் இருந்தாலும் உற்பத்தி, வாகனத் துறை நேர்காணல்களில் ஜெர்மன் கேட்கிறார்கள். பி1 என்கிற இடைநிலை மொழித் தகுதியைத் தாண்டியிருந்தால்தான் கதவு திறக்கிறது. பட்டம் முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். மொழியை அப்போது தொடங்கினால் அந்த 18 மாதமும் வகுப்பிலேயே போய்விடும்.

கடைசியாக, தேதி. அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 பொதுவான கடைசி நாள்தான். ஆனால் பல பொறியியல் கோர்ஸ்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச் அல்லது மே மாதமே முடிந்துவிடும். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் விசாவுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். அதை முதலில் தொடங்குங்கள். பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாகப் போகும் விண்ணப்பத்துக்கு முதல் கோர்ஸுக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. சரிபார்க்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஒரு ஆவணம் குறைந்தால் திரும்பக் கேட்பார்கள். அதற்கும் நேரம் வேண்டும் என்றால், கடைசித் தேதிக்குக் குறைந்தது எட்டு வாரம் முன்பே அனுப்பியிருக்க வேண்டும்.