அம்மாவின் இடுப்பு வலி அடங்கிய விதம்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த முதல் வாரம் டிரமடால் என்ற வலி மாத்திரை கொடுத்தோம். வலி அடங்கியது, ஆனால் தலைசுற்றல், குமட்டல், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து வாக்கரைப் பிடித்து நிற்கவே பயந்தார். அதற்குப் பதில் டைக்ளோஃபெனாக் என்ற வேறொரு வலி மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுவதால் ரத்தக்கசிவு வரலாம், சிறுநீரகத்துக்கும் ஆகாது என்று டாக்டர் மறுத்துவிட்டார். சரி, அவர் சொன்னபடியே பாராசிட்டமால் 650 மில்லிகிராம், வலி வரட்டும் என்று காத்திராமல் 6 மணி நேரத்துக்கு ஒன்று. அதில் ஒரு வேளையை பிசியோதெரபிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் வருகிற மாதிரி மாற்றினோம், உண்மையில் வித்தியாசம் தெரிந்தது இதில்தான். அப்புறம் துணியில் சுற்றிய ஐஸ் பை, 15 நிமிடம். டிரமடால் இரவுக்கு மட்டும் என்றானது, நாலே நாளில் அதுவும் தேவைப்படவில்லை.