மெடிகேர் எடுக்கப் புரோக்கரைப் பார்க்கப் போகிறீர்களா? இதையெல்லாம் தயார் செய்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் 65 வயதை நெருங்குபவர்களுக்கும், 65 தாண்டிய பெற்றோர் கிரீன் கார்டில் வந்து தொடர்ந்து ஐந்து வருடத்தை முடிக்கப்போகும் வீடுகளுக்கும் இந்தப் பதிவு. மெடிகேர் என்பது முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. உள்ளூர் இன்சூரன்ஸ் புரோக்கருக்கு நீங்கள் காசு தர வேண்டியதில்லை. கமிஷனைக் கம்பெனி தருகிறது, அதனால் உங்கள் ப்ரீமியம் ஏறாது. ஆனால் வெறுங்கையோடு போனால், அவர் வழக்கமாக எல்லோருக்கும் காட்டும் திட்டம்தான் உங்களுக்கும் கிடைக்கும்.

படி 1: பார்ட் ஏ, பார்ட் பி

பார்ட் ஏ மருத்துவமனைச் செலவுக்கு, பார்ட் பி டாக்டர், வெளிநோயாளி சிகிச்சைக்கு. இவற்றில் சேர்ப்பது புரோக்கர் வேலை அல்ல. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலோ அவர்கள் இணையதளத்திலோ நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். 65 ஆகும் மாதம், அதற்கு முன் 3 மாதம், பின் 3 மாதம் என்று மொத்தம் 7 மாத அவகாசம். இதைத் தவறவிட்டால் பார்ட் பி-க்கு ஒவ்வொரு முழு 12 மாதத் தாமதத்துக்கும் 10 சதவீத அபராதம் சேரும். அநேகமாக ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டியிருக்கும். நீங்களோ உங்கள் துணையோ இன்னும் வேலையில் இருந்து, 20 பேருக்குக் குறையாத கம்பெனியின் இன்சூரன்ஸ் இருந்தால் தள்ளிப்போடலாம். கோப்ரா, அதாவது வேலையை விட்டபின் பழைய கம்பெனி இன்சூரன்ஸை உங்கள் காசில் தொடர்வது, இந்தக் கணக்கில் சேராது. வேலையை விட்டபின் கோப்ரா இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

40 காலாண்டு, அதாவது சுமார் 10 வருடம், வரி கட்டி வேலை செய்தவருக்கு பார்ட் ஏ இலவசம். கணவன் அல்லது மனைவியின் வேலைக் கணக்கிலும் கிடைக்கும். மகன், மகள் கட்டிய வரி பெற்றோர் கணக்கில் வராது. அப்படி எந்தக் கணக்கும் இல்லாத பெற்றோருக்கு 2026-இல் பார்ட் ஏ மாதம் 565 டாலர் வரை, பார்ட் பி 202.90 டாலர். இருவர் என்றால் இரண்டு மடங்கு. முதலில் இதைக் கூட்டிப் பாருங்கள்.

படி 2: எந்தப் பாதை என்று வீட்டிலேயே பேசுங்கள்

பார்ட் பி சிகிச்சைச் செலவில் 80 சதவீதம் கொடுக்கும். மீதி 20 உங்கள் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. 40,000 டாலருக்குக் கீமோதெரபி என்றால் 8,000 நீங்கள் கட்ட வேண்டும். இதை அடைக்க இரண்டு வழி.

ஒன்று மெடிகேப், அந்த மீதியை அடைக்கத் தனியார் கம்பெனிகள் விற்கும் துணைக் காப்பீடு. தனி ப்ரீமியம் கட்ட வேண்டும், ஆனால் மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். அதில் பிளான் ஜி என்ற வகையை எடுத்தால் பார்ட் பி-யின் வருட டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நீங்கள் கட்டும் தொகை, 2026-இல் 283 டாலர்) தவிர அந்த 20 சதவீதம் முழுவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மருந்துக்குப் பார்ட் டி தனியாக எடுக்க வேண்டும். இன்னொன்று அட்வான்டேஜ், பார்ட் ஏ, பார்ட் பி இரண்டையும் தனியார் கம்பெனித் திட்டம் வழியாகப் பெறுவது. கூடுதல் ப்ரீமியம் பல இடங்களில் பூஜ்யம், பல், கண் சலுகையும் இருக்கும். பதிலுக்கு நெட்வொர்க் (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், மருத்துவமனைகள்) கட்டுப்பாடு, பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி. உங்கள் பங்குக்கு நெட்வொர்க்குக்குள் 2026-இல் அதிகபட்சம் 9,250 டாலர் வரை போகலாம். திட்டத்துக்குத் திட்டம் இது மாறும்.

புரோக்கர் மேஜையில் அவசரத்தில் நழுவிப்போகும் விஷயம் இது: 65 வயதிலோ அதற்குப் பிறகோ பார்ட் பி தொடங்கியதும் வரும் முதல் 6 மாதத்தில் எந்த மெடிகேப் கம்பெனியும் உங்கள் நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அதன்பின் பெரும்பாலான மாநிலங்களில் மறுக்கலாம். அட்வான்டேஜில் சேர்ந்து நாலு வருடம் கழித்து, ஸ்டென்ட் வைத்தபிறகு மாறலாம் என்றால் கதவு மூடியிருக்கும். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் ப்ரீமியம் கட்ட முடிந்தால் மெடிகேப்பை முதலில் பரிசீலிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ஒரிஜினல் மெடிகேர் (அரசின் பார்ட் ஏ, பார்ட் பி) இந்தியாவில் செல்லாது. மெடிகேப் பிளான் ஜி (G), பிளான் என் (N) இரண்டும், பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் கழித்து 80 சதவீதம் தரும். ஆயுள் வரம்பு 50,000 டாலர்.

படி 3: மருந்துப் பட்டியல்

நினைவிலிருந்து எழுதாதீர்கள், குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு லேபிளைப் பார்த்து எழுதுங்கள். பெயர், மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை, எந்த ஃபார்மசி. "மெட்ஃபார்மின் 500" என்றால் போதாது. சாதா மாத்திரையா, "ஈஆர்" போட்ட மெதுவாகக் கரையும் ரகமா? ஈஆரிலேயே ஒரு ரகம் சில டாலரில் முடியும், இன்னொன்று நூற்றுக்கணக்கில் போகும். ஓர் எழுத்து விட்டுப்போனால் வருடக் கணக்கே தப்பாகிவிடும். புரோக்கர் கணினியில் தட்டும்போது திரையைத் திருப்பச் சொல்லி ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள்.

படி 4: டாக்டர்

"இந்தக் கம்பெனியை ஏற்பீர்களா?" என்று டாக்டர் அலுவலகத்தில் கேட்டால் "ஆமாம்" என்பார்கள். அது பதில் ஆகாது. ஒரே கம்பெனி ஒரே கவுண்டியில் பல திட்டங்கள் விற்கும். பெரும்பாலும் "எச்" என்ற எழுத்தோடு நாலு இலக்கம், கோடு, மூன்று இலக்கம் என்று திட்ட எண் இருக்கும். புரோக்கரிடம் அதை வாங்கி, டாக்டரின் பில்லிங் பிரிவில் சொல்லிக் கேளுங்கள். திட்டங்கள் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். நியூ ஜெர்சி எடிசனில் இருப்பவர் எடுத்த திட்டம் பக்கத்து சாமர்செட் கவுண்டி நண்பருக்கு இல்லாமலும் போகலாம்.

படி 5: புரோக்கரிடம் கேட்க வேண்டியவை

எத்தனை கம்பெனித் திட்டங்கள் விற்கிறீர்கள்? மெடிகேப்பும் விற்கிறீர்களா? கமிஷன் வராத திட்டம் எனக்குப் பொருந்தினால் சொல்வீர்களா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். லைசென்ஸை மாநில இன்சூரன்ஸ் துறை இணையதளத்தில் சரிபார்க்கலாம். பேச்சுக்கு முன் "ஸ்கோப் ஆஃப் அப்பாயின்ட்மென்ட்" என்ற தாளில் கையெழுத்து கேட்பார். எதைப்பற்றிப் பேசலாம் என்ற சம்மதம் மட்டும்தான் அது, திட்டத்தில் சேர்வதல்ல. தானாகத் தொலைபேசியில் அழைத்து மெடிகேர் எண் கேட்பவரிடம் எதையும் சொல்லாதீர்கள்.

அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து மெடிகேரின் இணையதளத்தில் அதே மருந்துப் பட்டியலைப் போட்டு ஒப்பிடுங்கள். 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கட்டணம் இல்லை. உங்கள் மாநிலத்தின் இலவச ஆலோசனை மையமான "ஷிப்" எண்ணையும் அங்கேயே தருவார்கள்.

சேர்ந்தபின்

ஒவ்வொரு செப்டம்பர் கடைசிக்குள்ளும் அட்வான்டேஜ், பார்ட் டி கம்பெனிகள் அடுத்த வருட மாற்றங்களைக் கடிதமாக அனுப்பும். விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். உங்கள் மருந்து அதிக விலைப் பிரிவுக்குப் போயிருந்தாலோ ஃபார்மசி மாறியிருந்தாலோ, அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மாற்றலாம். கடைசி வாரத்தில் புரோக்கர்களைப் பிடிப்பது கடினம். அக்டோபர் தொடக்கத்திலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.