சின்ன நாடகக் குழு நடத்துறவங்க திரும்பத் திரும்ப செய்யுற தவறுகள்

நாடகம் எழுதி தானே இயக்குற நிறைய பேரோட பயணம் ரெண்டு மூணு நாடகத்தோட நின்னு போயிடுது. சென்னை, மதுரை, பாண்டிச்சேரி எங்க பாத்தாலும் இதேதான். திறமை இல்லாம இல்ல. எழுத்து நல்லா இருக்கும், நடிகர்கள் உயிரக் குடுத்து பண்ணியிருப்பாங்க, பாத்தவங்க கண்ணு கலங்கி வந்து கையப் புடிச்சுகிட்டு பேசியிருப்பாங்க, ஆனா அந்த நாடகம் ரெண்டு ஷோவோட முடிஞ்சிருக்கும், கையில கடன் நிக்கும், அடுத்த வருஷம் மறுபடி முதல்ல இருந்து ஆள் சேர்க்கணும். இதுல பாதிக்கு மேல தவிர்க்கக்கூடிய விஷயம்னு நான் உறுதியா நம்புறேன்.

பெரிய தவறு எதுன்னு கேட்டா, முதல் ஷோவையே முடிவா நினைக்குறதுதான். மூணு மாசம் ஒத்திகை பாத்து, ஹாலுக்கு அட்வான்ஸ் குடுத்து, செட்டுக்கு கார்பென்டர் வச்சு, போஸ்டர் அடிச்சு, எல்லாத்தையும் ஒரே சாயங்காலத்துல கொட்டிடுறாங்க. அந்த ஷோ முடிஞ்சதும் செட்டை எங்க வைக்குறதுன்னு தெரியாது, யாரோ வீட்டு மொட்டை மாடியில மழையில நனையும். நாடகம் பழுக்குறதே நாலாவது அஞ்சாவது ஷோவுலதான். அப்பதான் நடிகர் வசனத்தை ஞாபகப்படுத்தி பேசுறத விட்டுட்டு எதிர்ல நிக்குறவரு பேசுறத கேக்க ஆரம்பிப்பாரு, எழுதினவருக்கும் எந்த வரி செத்த வரின்னு அப்பதான் காதுல விழும். ரெண்டு ஷோவுல நிறுத்துறவங்களுக்கு இந்தப் பாடம் கிடைக்கவே கிடைக்காது, அடுத்த நாடகத்துலயும் அதே செத்த வரிகள எழுதுவாங்க.

அதனால எழுதும்போதே பத்து ஷோவ மனசுல வச்சு எழுதுங்க. பதினாலு கதாபாத்திரம் வேணுமா, இல்ல அஞ்சு பேரு மாறி மாறி செய்யலாமா? செட்டு ஒரு குட்டியானை வண்டியில ஏறுமா? ஹால் கிடைக்கலன்னா ஒரு காலேஜ் வகுப்பறையிலயோ மொட்டை மாடியிலயோ போட முடியுமா? இது காசு இல்லாததால செய்யுற சமரசம் மட்டும் இல்ல, இதுக்குன்னு ஒரு மரபே இருக்கு. நாடகாசிரியர் பாதல் சர்க்கார் வங்காளத்துல மேடை, திரை, லைட் எல்லாத்தையும் விட்டுட்டு ஜனங்க நடுவுல நாடகம் போட்டாரு, அந்தப் பாதிப்பு தமிழ்நாட்டுக்கும் வந்துச்சு. 1978-ல ஞாநி ஆரம்பிச்ச பரீக்‌ஷா, 1984-ல பிரளயன் ஆரம்பிச்ச சென்னைக் கலைக்குழு, இந்த நாடகக் குழுக்கள் எல்லாம் பெரிய முதலீட்ட நம்பி நின்னது இல்ல.

அடுத்தது ஹால் எடுக்குற நாள். இத கொஞ்சம் கிட்ட போயி பாக்கணும், ஏன்னா மூணு மாச உழைப்பு இங்கதான் கெட்டுப் போகுது. மத்தியானம் ஹால் கைக்கு வருது, ஷோ ஏழு மணிக்கு. ஏணி ஒண்ணுதான் இருக்கு. லைட் காரரு மேல ஏறி ஸ்பாட் லைட்டை கட்டிட்டு இருக்காரு, கீழ இயக்குநர் ரெண்டாவது காட்சிய நடிகர்கள வச்சு மறுபடி பாக்குறாரு, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கத்துறாங்க. அஞ்சரைக்குத்தான் ஃபோகஸ், அதாவது ஒவ்வொரு லைட்டும் எங்க விழணும்னு திருப்பி வைக்குற வேலை, முடியுது. எந்த வசனத்துக்கு லைட் மாறணும்னு எங்கயும் எழுதி இல்ல, இயக்குநர் மண்டையில மட்டும்தான் இருக்கு, அவரும் நாடகத்துல நடிக்குறாரு. ஷோவுல நடிகை மேடையோட இடது ஓரத்துல நின்னு தன்னோட பெரிய வசனத்த பேசும்போது வெளிச்சம் நடுவுல காலியா விழுந்து கெடக்கும். பாக்குறவங்களுக்கு அது லைட்டோட தப்புன்னு தெரியாது, நாடகமே சரியில்லன்னுதான் தோணும்.

இதுக்கு மருந்து ரொம்ப எளிசு. ஒருத்தர ஸ்டேஜ் மேனேஜர்னு முதல் ஒத்திகையில இருந்தே உக்கார வைங்க, அவரு நடிக்கக் கூடாது. அவர்கிட்ட ஒரு ஸ்கிரிப்ட் காப்பி, ஒரு பக்கம் வசனம், எதிர்ப்பக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்துல யாரு எந்தப் பக்கம் இருந்து வர்றாங்க, எந்த வார்த்தைக்கு லைட் 6, அதாவது ஆறாவது லைட் மாற்றம், போகணும், எந்த மூச்சுக்கு சத்தம் நிக்கணும்னு பென்சில்ல எழுதணும், பேனா வேணாம், மாறிட்டே இருக்கும். ஹால்ல நடிப்பு ஒத்திகை பாக்காதீங்க, லைட் மாறுற இடம் மட்டும் ஒண்ணொண்ணா ஓட்டிப் பாருங்க, இடையில இருக்குற வசனத்த தாண்டிடுங்க. ரெண்டு மணி நேரத்துல முழு நாடகமும் முடிஞ்சிடும். இந்த ஒரு காப்பி இருந்தா ஆறு மாசம் கழிச்சும் அந்த நாடகத்த வேற ஊர்ல அப்படியே எழுப்பலாம்.

இப்ப காசு விஷயம். நடிகருக்கு ஒண்ணும் குடுக்காம "எல்லாரும் கலைக்காகத்தானே வந்தோம்"னு சொல்றது எனக்கு மனசார வலிக்குற ஒண்ணு. ஹால்காரருக்கு வாடகை குடுக்குறோம், லைட் காரருக்கு குடுக்குறோம், பிரிண்டிங் பிரஸ்ஸுக்கு குடுக்குறோம், நடிகருக்கு மட்டும் டீயும் பிஸ்கட்டுமா? பெருசா குடுக்க முடியாது, எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒத்திகைக்கு வந்து போற பஸ் காசு, ஷோ அன்னைக்கு ஒரு தொகை, அது 500 ரூபாயா இருந்தாலும் பட்ஜெட்ல முதல் வரியா எழுதணும். கணக்க எல்லார் முன்னாடியும் வைங்க, டிக்கெட்ல எவ்வளவு வந்துச்சு, எங்க போச்சுன்னு. குழு உடையுறதுக்கு காசு இல்லாதத விட காசு எங்க போச்சுன்னு தெரியாததுதான் பெரும்பாலும் காரணம்.

டிக்கெட் போட கூச்சப்படுறவங்களும் நிறைய. எல்லாருக்கும் பாஸ் குடுத்து கூப்பிட்டா தெரிஞ்ச முகம் மட்டும்தான் வரும். நாடக டிக்கெட் ஒரு ஆளுக்கு 500 ரூபா வரைக்கும் இருந்தா ஜிஎஸ்டி கிடையாது, சின்னக் குழுவுக்கு அதுக்கு மேல தேவையும் படாது. அதோட நேரம். ஏழு மணின்னா ஏழு மணிக்கு ஆரம்பிங்க. பெங்களூருல 2004-ல திறந்த ரங்க சங்கராங்குற நாடக அரங்கத்துல லேட்டா வந்தா உள்ள விடமாட்டாங்க, இன்னைக்கு அந்த ஊரு பார்வையாளர்களுக்கு அது பழகிப் போச்சு. வி.ஐ.பி. ஒருத்தருக்காக நாப்பது நிமிஷம் காத்திருந்தா, மேக்கப் போட்டு உள்ள நிக்குற நடிகரோட சூடு ஆறிடும், சரியான நேரத்துக்கு வந்தவரு அடுத்த தடவ வரமாட்டாரு.

நடிகர் சினிமாவுக்கு போறத துரோகமா பாக்குறது இன்னொண்ணு. 1977-ல நாடகாசிரியர் ந. முத்துசாமி ஆரம்பிச்ச கூத்துப்பட்டறை நாடகக் குழுவுல இருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம்னு எத்தனை பேரு சினிமாவுக்கு போனாங்க, விஜய் சேதுபதி அங்க கணக்கு பாத்துகிட்டே நடிப்ப கவனிச்சவரு. ஆளு போயிகிட்டே இருந்தும் முத்துசாமி 2018-ல காலமாகுற வரைக்கும் புதுசா வர்றவங்களுக்கு அங்க இடம் இருந்துச்சு. கோவப்படுறதுக்கு பதிலா முக்கியமான ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ரெண்டாவது ஆள் ஒருத்தர தயார் பண்ணுங்க, ஷூட்டிங் வந்தா சந்தோஷமா அனுப்பி வைங்க, அவங்க திரும்பி வருவாங்க.

உரிமை விஷயத்துல நம்ம ஆளுங்க ரொம்ப அசால்ட்டு. பிடிச்ச சிறுகதைய எடுத்து நாடகமாக்கி போட்டுட்டு "நன்றி"ன்னு போஸ்டர்ல ஒரு வரி போட்டா போதும்னு நினைக்குறாங்க. போதாது. எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை குடும்பத்துக்கு இருக்கு. பாரதி, புதுமைப்பித்தன் எழுத்தெல்லாம் பொதுவுல இருக்கு, எடுத்துக்கலாம். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1956-ல இறந்தாரு, அதனால 2017-ல இருந்து இந்தியாவுல அவரு நாடகத்துக்கு உரிமை யார்கிட்டயும் கேக்க வேணாம், ஆனா நீங்க கையில வச்சிருக்குற தமிழ் மொழிபெயர்ப்புக்கு அத மொழிபெயர்த்தவர்கிட்ட கேட்டே ஆகணும், அது தனி உரிமை. ஒரு கடிதம் எழுதிக் கேட்டா பெரும்பாலும் சந்தோஷமா குடுப்பாங்க. அதேபோல உங்க ஸ்கிரிப்ட்டையும் யாராவது கேட்டா வாய் வார்த்தையா குடுத்துடாதீங்க, எத்தனை ஷோ, எந்த ஊரு, பேரு எப்படி போடணும்னு ஒரு மெயில்லயாவது இருக்கட்டும்.

போலீஸ் பயம் பத்தியும் சொல்லணும். 1954 தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டப்படி ஸ்கிரிப்ட்ட முன்கூட்டியே அதிகாரிங்ககிட்ட குடுத்து அனுமதி வாங்குற நிலைமை இருந்துச்சு. ஞாநி கோர்ட்டுக்கு போயி, 2013-ல மெட்ராஸ் ஹைகோர்ட் அந்தச் சட்டத்தோட முக்கியமான பிரிவுகள செல்லாதுன்னு சொல்லிடுச்சு. இது தெரியாம இன்னும் சில குழுக்கள் பயந்து தாங்களே வசனத்த வெட்டிக்குறாங்க, அது ரொம்ப வருத்தமான விஷயம். தெருவுல போடும்போது இடத்துக்கும் மைக்குக்கும் அனுமதி வாங்குறது வேற, அத மறக்காம வாங்குங்க.

கிராண்ட், அதாவது உதவித்தொகை, வந்தாதான் நாடகம்னு உக்காந்துடாதீங்க, ஆனா பேப்பர் வேலைய தள்ளிப் போடவும் செய்யாதீங்க. மத்திய கலாச்சார அமைச்சகத்து உதவியோ பெரிய அறக்கட்டளை உதவியோ, பெரும்பாலும் பதிவு பண்ண அமைப்பு, ஆடிட் பண்ண கணக்கு, பழைய ஷோவோட ஆதாரம் எல்லாம் கேப்பாங்க. சங்கமா பதிவு பண்ண ஏழு பேரு போதும். குழு நல்லா இருக்கும்போதே பண்ணிடணும், சண்டை வந்தப்புறம் ஏழு கையெழுத்து வாங்க முடியாது. விழாக்களுக்கு அனுப்பணும்னா, டெல்லி பாரத் ரங் மஹோத்சவ் நாடக விழா ஆகட்டும், திருச்சூர்ல நடக்குற இட்ஃபோக் சர்வதேச நாடக விழா ஆகட்டும், தேர்வு பண்றவங்க வீடியோவ பாத்துதான் முடிவு பண்ணுவாங்க. அதுக்கு எடிட் பண்ண ட்ரெய்லர் உதவாது. ஒரு கேமராவ அசையாம நடுவுல வச்சு முழு மேடையும் தெரியுற மாதிரி எடுங்க, சத்தத்துக்கு தனியா ஒரு ரெக்கார்டர் மேடை ஓரத்துல இருக்கட்டும். முதல் ஷோவ எடுக்காதீங்க, அஞ்சாவதையோ ஆறாவதையோ எடுங்க.

கடைசியா அச்சு. முத்துசாமியோட ஆரம்பகால நாடகங்கள் சிறுபத்திரிகைகள்ல வந்ததாலதான் அவர பாக்காத தலைமுறையும் இன்னைக்கு எடுத்து போடுது. மேடையில நல்லா ஓடிட்டு ஒரு பிரதி கூட மிஞ்சாம போன நாடகங்கள் எத்தனையோ. நடிகர்கள் மேடையில மாத்தின வரிகளையும் சேத்து, எங்க எப்ப யாரு நடிச்சாங்கன்னு முதல் பக்கத்துல போட்டு, பத்து ஷோ முடிஞ்சதும் நூறு காப்பியாவது அடிச்சிடுங்க, ஷோ முடிஞ்சு வெளிய வர்ற வாசல்ல ஒரு மேஜை போட்டு வச்சா அன்னைக்கே கொஞ்சம் வித்துடும்.