சி மொழியில் மைனஸ் குறி: ஃப்ளோட், டபுளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு எடைக் கணக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தொழிலாளியிடம் 0.3 கிலோ வெள்ளி கொடுத்தாயிற்று. வேலை முடிந்து 0.1 கிலோ, 0.2 கிலோ என இரண்டு தவணையில் திரும்பி வந்துவிட்டது. கொடுத்ததில் வந்ததைக் கழித்தால் பூஜ்யம் வர வேண்டும். ஆனால் டபுளில் (தசம எண்களை இரும முறையில் தோராயமாகச் சேமிக்கும் சி வகை; ஃப்ளோட் அதன் சிறிய வடிவம்) 0.1 + 0.2 என்பது 0.30000000000000004. வித்தியாசம் மைனஸில் போகிறது. மூன்று தசமத்துக்கு அச்சிட்டால் -0.000 என்று வரும். அதைவிட மோசம், "வித்தியாசம் < 0" என்ற நிபந்தனையும் உண்மையாகி, வெள்ளி கூடுதலாக வந்ததாகக் கணக்கில் ஏறிவிடும்.

ரவுண்ட் (round, அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும் செயல்கூறு) போட்டால் பாதிதான் தீரும். அது சிறிய மைனஸ் எண்ணை -0.0 ஆக்கும், குறியை அழிக்காது. -0.0 < 0 என்பது பொய் என்பதால் நிபந்தனை சரியாகிவிடும். அச்சில் மைனஸ் அப்படியே நிற்கும். வித்தியாசத்தை 1000-ஆல் பெருக்கி, எல்எல்ரவுண்ட் (llround) வழியாகக் கிராமில் முழு எண்ணாக்கி, அதன் குறியைப் பாருங்கள். முழு எண்ணில் மைனஸ் பூஜ்யமே கிடையாது. இதே காரணத்தால், டபுள் மாறியில் -0 என்று எழுதினால் வெறும் 0 தான் போய்ச் சேரும், வேண்டுமென்றால் -0.0 என்றே எழுத வேண்டும்.

குறியை நீக்க ஏபிஎஸ் (abs) பயன்படுத்துவது மிகப் பரவலான தவறு. சி-யில் அது முழு எண்ணுக்கானது: -2.9 கொடுத்தால் 2, -0.7 கொடுத்தால் 0. டபுளுக்கு ஃபேப்ஸ் (fabs).

குறியை மட்டும் பார்க்க சி99 (சி மொழியின் 1999 தரநிலை) முதல் சைன்பிட் (signbit) இருக்கிறது. எண் மைனஸ் என்றால் பூஜ்யமல்லாத ஏதோ ஒன்றைத் தரும், அது 1 என்று உத்தரவாதமில்லை. "சைன்பிட்(அ) == 1" என்றோ, "சைன்பிட்(அ) == சைன்பிட்(ஆ)" என்றோ எழுதாதீர்கள்; இரண்டு பக்கமும் முன்னால் ! போட்டு ஒப்பிடுங்கள். குறி வேறுபடுகிறதா என்று அறிய அ, ஆ இரண்டையும் பெருக்கி "< 0" பார்ப்பதும் ஆபத்து. மிகச் சிறிய எண்களின் பெருக்கல் -0.0 ஆகச் சுருங்கி, குறி வேறுபாடு தெரியாமல் போகும்.

ஏற்காட்டுத் தோட்டத்தில் வைத்த சென்சார் அறுந்து நேன் (NaN, 'எண் அல்ல' என்ற மதிப்பு) வந்தால்? "< 0", ">= 0" இரண்டுமே பொய். எல்ஸ் கிளை அதைப் பிளஸ் என்று எடுத்துக்கொள்ளும். நேனுக்கும் குறி பிட் (1 என்றால் மைனஸ்) உண்டு, ஓடும்போது 0.0/0.0 செய்தால் இன்டெல் கணினியில் அது 1, ராஸ்பெர்ரி பையில் 0. முதலில் இஸ்நேன் (isnan, நேனா என்ற சோதனை), பிறகுதான் குறி.

மைனஸ் பூஜ்யம் அச்சில் மட்டும் தொல்லை தருவதில்லை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஜிபிஎஸ் புள்ளிகளிலிருந்து இடது, வலது என்று பிரிக்க வேண்டும் என்றால், வளைவுக்கு முன் (1), பின் (2) போகும் திசைகளின் கிழக்கு (கி), வடக்கு (வ) கூறுகளை வைத்து

குறுக்கு = கி1 * வ2 - வ1 * கி2

கணக்கிட்டு, ஏடேன்2-வில் (atan2, கோணம் தரும் செயல்கூறு) புள்ளிப் பெருக்கலோடு (கி1 * கி2 + வ1 * வ2) சேர்த்துக் கொடுப்பார்கள். விடை பிளஸ் என்றால் இடது. வடக்கே (0, 1) போய்த் தெற்கே (0, -1) திரும்பும் வளைவில் முதல் பெருக்கல் -0.0, இரண்டாவது 0.0, கழித்தால் -0.0. ஏடேன்2(-0.0, -1.0) தருவது -π ரேடியன், அதாவது -180 பாகை: "வலது". தெற்கே போய் வடக்கே திரும்பினால் +180: "இடது". சாலை உண்மையில் எந்தப் பக்கம் வளைந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் தகவல் இந்த இரண்டு திசைகளில் கிடையாது. வளைவின் நடுவிலும் புள்ளிகளை எடுத்து, சிறு சிறு திருப்பக் கோணங்களைக் கூட்டி, கூட்டுத்தொகையின் குறியைப் பாருங்கள்.

-0.0 உடன் 0.0 கூட்டினால், வழக்கமான ரவுண்டிங்கில், மைனஸ் போய்விடும். ஜிசிசி (GCC) தொகுப்பியில் ஃபாஸ்ட்-மேத் (-ffast-math, கணக்கை வேகமாக்கும் விருப்பம்) போட்டுத் தொகுத்தால் அந்தக் கூட்டலே நீக்கப்படலாம், இஸ்நேன் சோதனையும் செயலிழக்கலாம். குறியை நம்பும் கோப்புகளை அந்த விருப்பம் இல்லாமல் தனியாகத் தொகுங்கள்.