அழித்த ஸ்கேன்கள் திரும்பி வந்தன

பழைய லேப்டாப்பை மச்சானுக்குக் கொடுக்கும் முன் டி டிரைவில் இருந்ததையெல்லாம் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். ஒரு சந்தேகத்தில், அழித்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் என்ற மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். பெயர்கள் மட்டும் போயிருந்தன; என் ஆதார் ஸ்கேன், அப்பாவின் பாஸ்புக் பக்கங்கள், எல்லாம் பென்டிரைவில் வந்து விழுந்தன. டெலிட் செய்தால் 'இந்த இடம் காலி' என்று விண்டோஸ் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வேறெதுவும் மேலே எழுதப்படும்வரை பழைய தரவு அங்கேயே கிடக்கும்.

தனி மென்பொருள் தேடவில்லை. விண்டோஸிலேயே இருக்கும் சைஃபர் கட்டளையை, காலி இடத்தைத் துடைக்கச் சொல்லும் டபிள்யூ சுவிட்சோடு (/w) டி டிரைவுக்குக் கொடுத்தேன். இருக்கும் கோப்புகளைத் தொடாமல், காலி இடத்தில் மட்டும் முதலில் பூஜ்ஜியம், அடுத்து எஃப்எஃப் (எல்லா பிட்டும் ஒன்று), கடைசியில் தாறுமாறான எண்கள் என 3 முறை எழுதும். நடுவில் 'டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று எச்சரிக்கை வந்து வயிற்றைக் கலக்கியது. தற்காலிகக் கோப்பால்தான் அது இடத்தை நிரப்புகிறதாம். பாதியில் நிறுத்தினால் இஎஃப்எஸ்டிஎம்பிடபிள்யூபி என்ற ஃபோல்டர் தங்கிவிடும். அதை நாமே அழிக்க வேண்டும். இரவு முழுக்க ஓடியது.

காலையில் மறுபடி போட்டோரெக். ஒரு ஸ்கேன்கூட வரவில்லை.

இது சுழலும் ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டியில் இப்படி மேலெழுதுவதை நம்ப முடியாது, தேய்மானமும் வீண். எஸ்எஸ்டி என்றால் முதல் நாளிலேயே பிட்லாக்கர் (டிரைவ் முழுவதையும் பூட்டுக்குறியாக்கும் விண்டோஸ் வசதி) போட்டுவிடுகிறேன்.