ஏழு பாகத்துக்குக் கீழே: கடல் திகில் நாவலை வாசிக்கும் விதம்

ஆழ்கடலில் நடக்கும் அறிவியல் திகில் நாவல் ராமநாதபுரம் கரைக்காரர்களைப் பல நேரம் பயமுறுத்தாது. கடல் பழகிப்போச்சு. ஆனால் பழகியது எந்தக் கடல்? பெண் கடல் என்கிற பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 13 மீட்டரைத் தாண்டாது. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம், அந்தக் கணக்கில் ஏழு பாகம். கதையில் ‘1,000 மீட்டர்’ என்று வரும்போது மனசு இந்த ஏழு பாகத்தையே கொஞ்சம் நீட்டிப் பார்த்துக்கொள்கிறது. திகில் அங்கேயே செத்துவிடும்.

அதனால் ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழே கோடு போடுங்கள். 1 செ.மீ.க்கு 50 பாகம் (ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர்). நம்ம கடல் முழுவதும் ஒன்றரை மில்லிமீட்டரில் முடிந்துவிடும், பேனாவால் வைத்த ஒரு புள்ளி. 2.2 செ.மீ.யில் 200 மீட்டர்: வெளிச்சம் கிட்டத்தட்ட தீர்ந்தது. 11 செ.மீ.யில் 1,000 மீட்டர்: வெயிலின் சுவடே இல்லை. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், அங்கே சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் 50 கிலோ சிமென்ட் மூட்டை இரண்டு ஏறி உட்கார்ந்த கனம். அத்தியாயத்துக்கு ஒரு முறை ஆட்கள் நிற்கும் ஆழத்தைக் குறியுங்கள். கதவு லேசாக முனகியது என்ற வரி அப்புறம் சும்மா கடந்துபோகாது.

தாளின் பின்பக்கம் கப்பல். அணியம் (முன்பக்கம்) எது, அமரம் (பின்பக்கம்) எது, இன்ஜின் அறைக்கு எத்தனை ஏணி, எந்தக் கதவு எந்த அறைக்குள் திறக்கும், ஆள் எத்தனை, காற்று எத்தனை மணி நேரத்துக்கு. இதைப் போடாதவர்கள்தான் பாதிக்கு மேல் ‘யாரு எங்க இருக்கா’ என்று திணறிப் புத்தகத்தை மூடுகிறார்கள்.

சத்தத்தைக் காதால் கேட்டுப் பாருங்கள். அரியமான் கடற்கரையில், கடல் அமைதியான காலையில், இடுப்பளவு நீரில் துணையோடு இறங்குங்கள். சொறி (ஜெல்லி மீன்) கிடக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தலையை முக்கிக் கண்ணை மூடுங்கள். பத்தடி தள்ளி அவர் இரண்டு கல்லைத் தட்டட்டும். எந்தப் பக்கம் என்று சொல்ல வராது. நீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் ஓடுவதால் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது. ‘சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது’ என்று நாவல் சொன்னால், அது அலங்காரம் இல்லை.

நேரம், வாடைக் காலத்து இரவு. முதல் 60 பக்கத்தை ஒரே இருப்பில் முடியுங்கள். பஸ்ஸில் பத்து நிமிடம், டீக்கடையில் ஐந்து நிமிடம் என்று துண்டு போட்டால் மெதுவாக ஏறுகிற பயம் ஏறாது. போனில் என்றால் கறுப்புப் பின்னணி. தனுஷ்கோடி இடிபாட்டில் வைத்து வாசிக்கிற ஆசை வரும். வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் நிஜமாகவே ஆட்கள் செத்துப்போன இடம் அது, தவிர பொழுது சாய்ந்தால் இருக்க விடமாட்டார்கள்.

ஆசிரியருக்கு ஒரு பெரிய பொய்யை விட்டுக்கொடுங்கள், அந்த ஜந்துவோ இயந்திரமோ எதுவானாலும். மற்றதில் கறாராக இருங்கள். உப்புநீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். 500 மீட்டர் ஆழத்திலிருந்து ஒருவர் கேபிளும் இல்லாமல், ஒலிக்கருவியும் இல்லாமல் கரைக்குப் பேசினால் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி. மூன்று விழுந்தால் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.