எபிஸ்கோபல் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளி தேடும்போது எபிஸ்கோபல் என்ற பெயரைப் பார்த்ததுமே மதம் மாற்றிவிடுவார்களோ என்று தயங்குகிறவர்களும் உண்டு, சர்ச் எல்லாம் சும்மா பெயருக்குத்தான் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. எபிஸ்கோபல் சபை இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த ஆங்கிலிக்கன் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் ஊர் சி.எஸ்.ஐ. சபைக்கு உறவு. பொதுவாக எல்லா மதத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் சேப்பலுக்கு, அதாவது பள்ளியில் நடக்கும் வழிபாட்டுக்கு, எல்லோரும் போயாக வேண்டும், பல இடங்களில் மதப் பாடமும் உண்டு. அதனால் வாரத்தில் எத்தனை நாள் சேப்பல், நற்கருணை (வழிபாட்டில் தரும் அப்பமும் திராட்சை ரசமும்) கொடுக்கும்போது மற்ற மதப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், பாடத்தில் பைபிள் மட்டும்தானா என்று நேராகவே கேளுங்கள். பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் பெற்றோரை அழைக்கும் ஓப்பன் ஹவுஸ் நாளில் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும், சாதாரண வார நாளில் அனுமதி வாங்கிப் போய் ஒரு சேப்பலில் உட்கார்ந்து பாருங்கள். அப்படியே மதியம் அங்கேயே சாப்பிட்டால் சைவம் என்று என்ன போடுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்!

அடுத்தது ஹாஸ்டல். வர்ஜீனியாவில் 1839-இல் தொடங்கிய எபிஸ்கோபல் ஹைஸ்கூலில் எல்லோரும் தங்கித்தான் படிக்க வேண்டும், ஹூஸ்டன் பக்கத்தில் அதே பெயரில் இருப்பதோ வீட்டிலிருந்து போய்வரும் பள்ளி, பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆஸ்டினில் உள்ள செயின்ட் ஸ்டீபன்ஸில் இரண்டு வகையும் உண்டு. இப்படிக் கலந்திருக்கும் இடங்களில் சனி ஞாயிறு ஹாஸ்டலில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று விசாரிப்பது முக்கியம், ஏனென்றால் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டால் மீதிப் பிள்ளைகளுக்கு ரொம்பப் போரடிக்கும்.

தேசிய எபிஸ்கோபல் பள்ளிகள் சங்கத்தில் உறுப்பினர் என்று போட்டிருந்தால் நல்லதுதான், ஆனால் அது அங்கீகாரம் ஆகாது. அங்கீகாரம் தருவது வேறு அமைப்புகள், அதைத் தனியாகப் பாருங்கள்.

கட்டணம் அதிகம், ஹாஸ்டல் பள்ளி என்றால் இன்னும் அதிகம். உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும், பல ஹாஸ்டல் பள்ளிகளில் சேர்க்கை விண்ணப்பத்தைப் போலவே அதற்கும் கெடு ஜனவரி நடுவிலேயே முடிந்துவிடும், முடிவு மார்ச் 10 வாக்கில் வரும். கிரீன் கார்டு இல்லாதவர்கள் தங்களுக்கும் உதவித்தொகை கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஒப்பந்தத்தில் சட்டென்று கையெழுத்துப் போடாதீர்கள், அதில் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு விலகினால் முழு ஆண்டுக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும், வேலை நிமித்தம் ஊர் மாறினால்கூட விடமாட்டார்கள்.